மூன்று மாத அட்வான்ஸ்: சட்டத்தில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை வட்டாரத்தில் வீட்டு வாடகை ஏறுவதைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அதில் மாத வாடகை எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெருங்குடி முதல் கேளம்பாக்கம் வரை வீடு தேடும் ஒரு சம்பளக் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்துவது அட்வான்ஸ் தொகை. பத்து மாத வாடகையை மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவருக்குத்தான் இங்கே வீடு. மாதாமாதம் வாடகை கட்டும் சக்தி இருந்தும் அந்தத் தொகையைப் புரட்ட முடியாதவர் திருப்போரூர் பக்கமோ கூடுவாஞ்சேரி பக்கமோ ஒதுங்கி, தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கழிக்கிறார். இதைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்திலேயே அதைச் செல்லாததாக்கும் ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரியை நீக்கும்படி அரசைக் கேட்கவே இந்தக் கடிதம்.

முதலில் இந்த வட்டாரத்தின் நிலை. தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறந்தது. ஆறுவழிச் சாலை 2008-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சிறுசேரி சிப்காட் தொழில் வளாகத்தில் பெரிய நிறுவனங்கள் வந்தன. வேலை வந்த வேகத்தில் ரயில் வரவில்லை. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. இந்தச் சாலைக்குள் நுழையவில்லை. ஆகவே அலுவலகத்துக்கு எவ்வளவு அருகில் வீடு என்பதே வாடகையைத் தீர்மானிக்கிறது. ஒரே அளவு, ஒரே வயதுள்ள இரண்டு படுக்கையறை வீடு கந்தன்சாவடியில் ஒரு விலை, நாவலூரில் வேறு விலை, தையூரில் இன்னொரு விலை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து சிப்காட் வரை இந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது. ஐந்தாவது வழித்தடம் சோழிங்கநல்லூரில் முடிகிறது. தூண்களுக்குப் பக்கத்துத் தெருக்களில் "மெட்ரோ அருகில்" என்ற பலகையோடு இப்போதே கூடுதல் வாடகை கேட்கிறார்கள். வாடகை ஏறும்போது அட்வான்ஸ் அதனோடு பத்து மடங்கு ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வாடகையில் 2,000 ரூபாய் கூடினால் அட்வான்ஸில் 20,000 கூடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம். முதல் மாத வாடகை 30,000, தரகருக்கு ஒரு மாத வாடகை இன்னொரு 30,000. லாரி, ஆள்கூலி சேர்க்காமலே 3 லட்சத்து 60 ஆயிரம் கையில் இருந்தால்தான் சாவி கிடைக்கும். அந்த 3 லட்சத்தைத் தனிநபர் கடனாக 12 சதவீத வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 36,000, மாதத்துக்கு 3,000 ரூபாய் வட்டி. ஆக உண்மையான வாடகை 33,000. கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து கொடுத்தாலும், 7 சதவீத வைப்புநிதியில் வர வேண்டிய மாதம் 1,750 ரூபாய் போகிறது.

இதைவிடக் கடினமானது வீடு மாறும் மாதம். பழைய வீட்டின் அட்வான்ஸ் சாவியை ஒப்படைத்த பிறகுதான் திரும்பும், அதுவும் பெரும்பாலும் உடனே திரும்பாது. புதிய வீட்டின் அட்வான்ஸை அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து சில வாரங்களுக்கு 6 லட்சம் ரூபாய் ஒரு குடும்பத்தின் பெயரில் முடங்கிக் கிடக்கும். நகைக்கடன் வைப்பதும் கிரெடிட் கார்டில் இழுப்பதும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. வாடகை அநியாயமாக ஏறினாலும், தண்ணீர் வராவிட்டாலும் பலர் அதே வீட்டில் பொறுத்துக்கொண்டு இருப்பதற்குக் காரணம் இதுவே. வெளியேறுவதற்கு அவர்களிடம் இரண்டாவது 3 லட்சம் இல்லை. சந்தையில் பேரம் பேசும் பலம் வாடகைக்கு இருப்பவரிடமிருந்து இப்படித்தான் பறிபோகிறது.

பழைய வீட்டின் பணம் ஏன் உடனே திரும்புவதில்லை? வீட்டுக்காரர் அதை வங்கியில் வைத்திருப்பதில்லை. வீட்டுக் கடனில் கட்டியிருப்பார், அல்லது செலவழித்திருப்பார். அடுத்துக் குடிவருபவர் தரும் அட்வான்ஸில்தான் முந்தையவருக்குத் திருப்பித் தருவார். அதாவது ஒவ்வொருவருடைய பணமும் அடுத்தவர் வருகையை நம்பி நிற்கிறது. 2020-ல் ஊரடங்கு வந்து, அலுவலகங்கள் வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. காலி செய்தவர்கள் பலர், புதிதாக வந்தவர்கள் இல்லை. வருமானம் குறைந்திருந்த நேரத்தில் சொந்தப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டி வந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சொன்னது. நடைமுறையில் யாரும் அதை மதிக்கவில்லை. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதன் 11-வது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அது தொடங்குவதே "மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்ற பொருளில். இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மூன்று மாத வரம்பு பொருந்தாது.

இந்தச் சொற்றொடர் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை இந்த வட்டாரத்தில் தட்டச்சு செய்து தரப்படும் எந்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாலும் தெரியும். மூன்றாவது அல்லது நான்காவது பத்தியில், "இரு தரப்பினரும் மனமொப்பி வட்டியில்லா முன்பணமாக ரூ. 3,00,000 பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று இருக்கும். அந்த "மனமொப்பி" என்ற ஒரு சொல்லே வரம்பைத் தாண்ட வீட்டுக்காரருக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் பத்து மாதம் கேட்கும்போது, வாடகைக்கு வருபவர் தன் விருப்பத்தோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? வலியவர் நிபந்தனை போடும் இடத்தில் பலவீனமானவரைக் காக்கத்தான் உச்சவரம்பு வைக்கிறோம். அதை அதே இருவர் போடும் ஒப்பந்தத்தால் தள்ளிவிடலாம் என்றால் வரம்பு வைத்த நோக்கமே வீண்.

மத்திய அரசு 2021-ல் ஒப்புதல் தந்து மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம்தான் உச்சவரம்பு என்கிறது. டெல்லியிலும் குருகிராமிலும் ஒன்று, இரண்டு மாத முன்பணத்தில்தான் பெரும்பாலான வீடுகள் வாடகைக்குப் போகின்றன. அங்கேயும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், கடன் தவணை இருக்கிறது, வாடகை கட்டாமல் இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து மாதம் இல்லாவிட்டால் வாடகைச் சந்தையே நடக்காது என்ற வாதம் நிற்காது.

வீட்டுக்காரர்களின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இங்கே வீடு வாங்கியவர்களில் பலர் சம்பளக்காரர்கள்தான். 90 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 70 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 60,700 ரூபாய். வாடகை 30,000 தவணையில் பாதியைக்கூடத் தொடாது. அந்த நிலையில் கைக்கு வரும் 3 லட்சத்தைக் கடனில் கட்டினால் ஆண்டுக்கு 25,500 ரூபாய் வட்டி மிச்சம். அவர் பத்து மாதம் கேட்பதன் பொருளாதாரக் காரணம் இதுதான். இன்னொன்று பயம்: வாடகை நின்று போனால் ஆளை வெளியேற்ற ஆண்டுக்கணக்காகும் என்ற, 1960 சட்ட காலத்திலிருந்து வரும் பயம்.

பயத்துக்குப் புதிய சட்டம் பதில் வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு போடலாம். மூன்று மாத முன்பணம் அந்தப் பாக்கியையும் நோட்டீஸ் காலத்தையும் சரியாக ஈடுகட்டுகிறது. சட்டத்தை எழுதியவர்கள் மூன்று என்ற எண்ணை ஏதோ ஊகத்தில் போடவில்லை என்று நினைக்கிறேன். மனு போட்ட பிறகு ஆகும் தாமதம்தான் வீட்டுக்காரரின் உண்மையான இழப்பு. அதற்குத் தீர்வு நீதிமன்றத்தில் ஆள் போடுவது. வாடகைதாரரிடமிருந்து கூடுதலாக ஏழு மாதப் பணத்தை வாங்கி வைப்பது ஆகாது.

வட்டி லாபத்துக்கும் ஒரு நேர்மையான வழி உண்டு. பத்து மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் என்றால் வீட்டுக்காரரிடம் 2 லட்சத்து 10 ஆயிரம் குறைகிறது. 8.5 சதவீதத்தில் அதன் மதிப்பு மாதம் ஏறத்தாழ 1,500 ரூபாய். வாடகைதாரர் அதே தொகையை 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருந்தால் அவருக்கு மாதம் 2,100 ரூபாய் செலவு. ஆகவே வாடகையை 1,500 கூட்டிக்கொண்டு அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைத்தாலும் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை. வாடகைதாரருக்கு மாதம் 600 ரூபாய் மிச்சம், கையில் 2 லட்சத்துக்கு மேல் பணம். வீடு பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசலாம். வீடு இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தால் பேச்சு இன்னும் எளிது. அந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்காரர் 60,000 இழந்திருக்கிறார்.

அட்வான்ஸ் பெரியதாக இருப்பதன் இன்னொரு விளைவு, கழிக்கும்போது தெரிகிறது. கையில் 3 லட்சம் இருக்கும்போது அதிலிருந்து ஒரு மாத வாடகையை "பெயிண்டிங்" என்று எடுத்துக்கொள்வது எளிது. ஓராண்டு இருந்தாலும் ஒரு மாத வாடகை, ஐந்தாண்டு இருந்தாலும் ஒரு மாத வாடகை. பெயிண்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதே கழிவு. 2017 சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமும் மின்வயரிங் பராமரிப்பு, கட்டட அமைப்புப் பழுது ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. டேப்பும் அதன் வாஷரும், வடிகால் அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி இவையெல்லாம் வாடகைதாரரின் பொறுப்பு. வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் கணக்கு என்று சட்டம் எழுதி வைத்திருக்கும்போது ஒப்பந்தத்தில் எதிராக ஒரு வரி சேர்த்து அதை மாற்றிவிடுகிறார்கள். குறைந்தபட்சம், "உண்மையான செலவு ரசீதின்படி, மூன்றாண்டுக்கு மேல் குடியிருந்தால் கழிவில்லை" என்றாவது அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும்.

கீசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சாலையோரத்தில் பல அடுக்குமாடிகளில் போர்வெல் தண்ணீர் உப்பு. ஷவரின் துளைகள் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். கீசரின் ஹீட்டிங் காயிலில் கனமாகச் சுண்ணாம்பு ஏறி, சூடாக நேரம் எடுத்து, கடைசியில் காயில் வெடித்து டிரிப் ஆகும். சட்டப்படி இது வாடகைதாரர் தலையில் விழுகிறது. ஆனால் பழுதுக்குக் காரணம் கட்டடத்தின் தண்ணீர். எனவே போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில், "கீசரின் காயில், டேங்க் மாற்றம் உரிமையாளர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நியாயம். குடிவருமுன் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டரால் சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் இரண்டையும் அளந்து, காட்டும் எண்ணை ஒப்படைப்புப் பட்டியலில் குறித்து வைத்தால் பிறகு வாக்குவாதம் வராது.

தண்ணீர் வாடகையின் மறைந்த பகுதி. 100 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நெறியை எடுத்தால் ஒரு நாளைக்கு 54,000 லிட்டர் வேண்டும். போர்வெல் வற்றிய கோடையில் இதை முழுக்க வெளியிலிருந்து வாங்கினால் 12,000 லிட்டர் லாரி நாலரை லோடு. லோடு 1,500 ரூபாய் என்று வைத்தால் வீட்டுக்கு மாதம் 2,025 ரூபாய். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் இந்தச் சாலையின் நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். நெம்மேலியில் 2024 முதல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் குடிநீர் தரும் இரண்டாவது ஆலை இயங்குகிறது. ஆனால் குடிநீர் வாரிய இணைப்பு உள்ள தெருவுக்கும் இல்லாத தெருவுக்கும் இன்னும் பெரிய வேறுபாடு. விளம்பரத்தில் வாடகை 28,000 என்று இருக்கும். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய், 1,000 சதுர அடிக்கு 4,000, அதற்கு மேல் "தண்ணீர் ஆக்சுவல்ஸ்" (தண்ணீருக்கு ஆகும் செலவு தனி) என்றால் கோடையில் 34,000-ஐத் தொடும். கடந்த ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு மாத ரசீதுகள் பன்னிரண்டு மாதக் கதையையும் சொல்லும். அடுக்குமாடியின் கார்பஸ் நிதி (பெரிய செலவுகளுக்கான சேமநிதி), கட்டடத்துக்கு வெளிப்பூச்சு, லிஃப்ட் மாற்றம் போன்றவற்றுக்குச் சங்கம் வசூலிக்கும் தொகை சொத்தின் மதிப்பைக் கூட்டுவது; அது உரிமையாளருடையது. மாதச் செலவோடு சேர்த்து வாடகைதாரரிடம் வாங்கக் கூடாது.

மழையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வீடு நான்காவது மாடியில் இருக்கலாம். மின் பெட்டியும் மோட்டாரும் கீழ்த்தளத்தில் மூழ்கினால் நான்காவது மாடிக்கும் தண்ணீரும் மின்சாரமும் இல்லை. மின் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஒருமுறை கீழே இறங்கிப் பார்த்தாலே போதும்.

பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. 2017 சட்டத்துக்கு அது பொருந்தாது. கால அளவு எவ்வளவாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தை அரசின் வாடகை இணையதளத்திலேயே செய்யலாம். இரு தரப்பின் அடையாள ஆவணங்கள், வீட்டின் முகவரியும் விவரமும், வாடகை, காலம், கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு தனிப் பதிவு எண் தருவார்கள். வீட்டுக்காரரும் செய்யலாம், வாடகைதாரரும் செய்யலாம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டி உரிமை கோருவது கடினம். எழுத்தில் ஒப்பந்தமே போடாமல் இருப்பது இன்னும் ஆபத்து. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வெளியேற்ற மனு போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. "நமக்குள் எதற்கு எழுத்து" என்று நல்லுறவில் இருந்த வாடகைதாரர்கள் இந்தப் பிரிவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்காரர்கள் பதிவுக்குத் தயங்குவதில் வருமான வரிக்கும் பங்குண்டு. அந்தத் தயக்கத்தால் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் வாடகைதாரரே 2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை விவரம் எப்படியும் வருமான வரித்துறைக்குப் போய்ச் சேர்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் விதி வேறு. அங்கே வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வரி பிடிக்கும் பொறுப்பு வாடகைதாரருடையது, விகிதமும் 30 சதவீதத்துக்கு மேல். இந்த வட்டாரத்தில் வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் வீடுகள் நிறைய. ஒப்பந்தத்தில் அவருடைய அப்பா பெயரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரியை மறந்துவிட்டால், பிறகு நோட்டீஸ் வருவது குடியிருந்தவருக்கு. பத்திரம் யார் பெயரில், அவர் எங்கே வசிக்கிறார், கையெழுத்திடுபவரிடம் அதிகாரப் பத்திரம் உண்டா என்ற மூன்றையும் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் இப்படி ஏறிக்கொண்டே போவதால் சிலர் "லீஸ்" பக்கம் திரும்புகிறார்கள். வாடகையே இல்லை, 10 லட்சமோ 15 லட்சமோ மொத்தமாகக் கொடுத்து இரண்டு, மூன்று ஆண்டு இருந்துவிட்டு முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இதில் விழுந்தவர்களின் இழப்பு மிகப் பெரியது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருக்கும். தவணை நின்றதும் வங்கி சர்பாசி சட்டப்படி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடும். பதிவு செய்யாத ஒரு தாளை வைத்துக்கொண்டு வங்கியின் முன் நிற்க முடியாது. வீடும் போகும், பணமும் போகும். லீஸுக்குப் போகிறவர்கள் பதிவுத்துறை இணையதளத்தில் கடந்த 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். வங்கிக் கடன் பெரும்பாலும் எம்.ஓ.டி. என்ற பதிவாக, அதாவது வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்த பதிவாக, அதில் தெரியும். அந்தப் பதிவு இருந்து, ரத்து ரசீது இல்லையென்றால் அந்த வீட்டுக்கு லீஸ் பணம் கொடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும்.

டோக்கன் பணத்தில் இழப்பது சிறியதுதான் என்றாலும் அடிக்கடி நடக்கிறது. வீட்டைப் பார்த்த அன்றே 10,000 ரூபாய் ஜிபே செய்யச் சொல்வார்கள். என்ன வாடகை, என்ன அட்வான்ஸ், எந்தத் தேதிக்குச் சாவி, ஒத்துவராவிட்டால் டோக்கன் திரும்புமா என்ற நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி, எதிர்த்தரப்பு "சரி" என்று பதில் போட்ட பிறகு அனுப்புங்கள். பணம் வீட்டுக்காரரின் கணக்குக்குப் போக வேண்டும், தரகரின் கணக்குக்கு அல்ல.

வாடகை நெருக்கடியின் சுமையை அடுக்குமாடியில் இருப்பவர்களைவிட அதிகம் தாங்குபவர்கள் அந்த மாடிகளைப் பெருக்குகிறவர்களும், காவல் காப்பவர்களும், கார் ஓட்டுபவர்களும். ஒற்றை அறைக்கும் இங்கே பத்து மாதம் கேட்கிறார்கள். 6,000 ரூபாய் அறைக்கு 60,000 என்றால் அது அவர்கள் நாலைந்து மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேர்க்க வேண்டிய பணம். கந்துவட்டிக்கு வாங்குகிறார்கள். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அரசு கட்டிய குடியிருப்புகள் வேறு இடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கானவை. வேலை தேடிப் புதிதாக வருபவருக்கு அங்கே இடமில்லை. மூன்று மாத வரம்பு கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தால் முதலில் பயன்பெறுவது இவர்கள்தான். பதிவும் இணையதளமும் எட்டாத இவர்களுக்காக வாடகை அதிகாரி மாதம் ஒருமுறை வார்டு அலுவலகத்தில் முகாம் நடத்தலாம்.

அரசிடம் கேட்பது இவை. 11-வது பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் விலக்குச் சொற்களைக் குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை நீக்குங்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேண்டுமானால் இருக்கட்டும். 1960 சட்டத்தின் ஒரு மாத வரம்பு ஏட்டிலேயே தங்கிப்போனதற்குக் காரணம், அதை யாரும் எந்த இடத்திலும் சரிபார்க்காததே. அதனால் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் முன்பணம் காட்டும் விண்ணப்பத்தை இணையதளமே ஏற்காதபடி செய்யுங்கள். முன்பணத்தை ரொக்கமாக வாங்கிவிட்டு ஒப்பந்தத்தில் குறைத்து எழுதுவது அடுத்து வரும் தந்திரமாக இருக்கும். வங்கி வழியாகச் செலுத்திய தொகைக்கே சட்டப் பாதுகாப்பு என்பதோடு நிற்காமல், ரொக்கமாக வாங்கியது நிரூபணமானால் இரு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்று விதி வைத்தால்தான் அது அடங்கும். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தராத முன்பணத்துக்கு வட்டி விகிதத்தையும் சட்டமே சொல்ல வேண்டும். வருவாய்த்துறையின் மற்ற வேலைகளோடு இதையும் பார்க்கும் துணை ஆட்சியருக்குப் பதில், சோழிங்கநல்லூர், பெருங்குடி மண்டலங்களுக்கும் சாலையின் செங்கல்பட்டு மாவட்டப் பகுதிக்கும் வாடகைக்கென்றே முழுநேர அதிகாரிகளைப் போடுங்கள்.

சட்டத் திருத்தம் வரும்வரை குடியிருப்போர் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகக் குடிவருபவர்களிடம் ஏற்கெனவே ஒரு படிவம் வாங்குகிறார்கள்: பெயர், வாகன எண், காவல்துறைச் சரிபார்ப்பு. அதே படிவத்தில் வாடகைப் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பட்டியலின் நகலையும் வாங்கிக் கோப்பில் வைக்கலாம்: மின் மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, ஃபேன், விளக்கு, கீசர், சுவர்களின் புகைப்படம். காலி செய்யும் நாளில் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கு முடித்தால் முக்கால்வாசித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். ஆண்டுப் பொதுக்குழுவில், எங்கள் வளாகத்தில் மூன்று மாத அட்வான்ஸ்தான் என்று உரிமையாளர்களே தீர்மானம் போடலாம். சட்டப்படி அது யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் 200 வீடுகள் உள்ள ஒரு வளாகம் அப்படி அறிவித்தால், பக்கத்து வளாகத்தில் வீடு காலியாக வைத்திருப்பவர் பத்து மாதம் கேட்கும் முன் ஒருமுறை யோசிப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சோழிங்கநல்லூர், சென்னை - 119